நேர் வெளிச்சம்

நிலோஜன் வாங்கிய பிளாஷில் ஒரு குறையும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததைக் கேள்விப்பட்டவர்கள் முதலில் அந்தச் சாமானைத்தான் திட்டினார்கள். பிறகு விற்ற அஹமட்டைத் திட்டினார்கள். கடைசியில் மலிவுக்கு ஆசைப்பட்டான் என்று நிலோஜனைத் திட்டினார்கள். மலிவாக வாங்கினான் என்பது உண்மைதான். ஆனால் ஒரு மாதம் அலைந்து, கேட்டு, சோதித்து, தன் வேலைக்கு எது பொருந்துமோ அதைத்தான் வாங்கினான். அவ்வளவு கவனமாகப் பார்த்தவன் தன் மகளின் இடக்கண்ணைப் பார்க்கவில்லை என்று ஊர் சொல்கிறது. அதுவும் சரியில்லை. பார்த்தான். கண்டான். கண்டதைத் திருத்திவிட்டான்.

மட்டக்களப்பில், கல்லடியில் வாவிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையின் கடைசி வீடு அவனுடையது. அவனுடையது என்றால் பிரஷாந்தியினுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வந்து சேர்ந்தால் போதும். நிலோஜன் குருக்கள்மடத்திலிருந்து வந்தபோது உடுப்புப் பையோடு ஒரு கமெராப் பையும் கொண்டுவந்தான். பிரஷாந்தி அவனுக்கு மாமன் மகள். முன் அறையை அவனுக்கு ஒதுக்கிக் கொடுத்து, ஒரு நீலச் சீலையைச் சுவரில் தொங்கவிட்டு, அதற்கு ஸ்ரூடியோ என்று பெயரும் வைத்தவள் அவள்தான்.

அங்கே எல்லா வேலையும் நடந்தது. அடையாள அட்டைக்குப் படம், பெண் பெரியவளான சாமத்திய வீடு, கல்யாண வீடு, வேதக்காரப் பிள்ளைகளின் முதல் நன்மை, பொழுது படும் நேரத்தில் பாலத்தடியில் நிற்க ஆசைப்படும் புதுச் சோடிகள். இத்தனைக்கும் அவனிடம் இருந்தது ஒரு கமெராவும் ஒரு பிளாஷும்தான். அந்த பிளாஷ் மார்கழி மழையில் செத்துப்போனது. கல்லடி வீடுகளில் இரும்பு எதுவும் இரண்டு மாரிக்கு மேல் உயிரோடு இருக்காது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் உப்புக் காற்று. பற்றரி வைக்கும் இடம் பச்சையாய்ப் பூத்து, ஒரு கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் பிளாஷ் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. அந்தப் படங்கள் எப்படி வந்தன என்பதை அவன் எவரிடமும் சொன்னதில்லை.

அவனுடைய வேலைப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் சனத்துக்குப் படத்தில் கண் சிவந்து விழுந்தால் பிடிக்காது. வெளிச்சம் நேரே போய்க் கண்ணுக்குள் பட்டுத் திரும்பினால் கருமணி சிவப்பாய்த்தான் விழும். அது கமெராவின் குற்றமுமில்லை, கண்ணின் குற்றமுமில்லை. ஆனால் தொழில் தொடங்கின புதிதில் ஒரு சாமத்திய வீட்டார், பெண்ணின் பெரியம்மா பேய் பிடித்தவள் மாதிரி விழுந்திருக்கிறாள் என்று அல்பத்தையே திருப்பி அனுப்பினார்கள். அன்றிலிருந்து நிலோஜன் கொம்பியூட்டரில் ஒவ்வொரு முகமாய்ப் பெரிதாக்கி, ஒவ்வொரு கண்ணாய்க் கறுப்படித்த பிறகுதான் படத்தைக் கையை விட்டு விடுவான். திருத்தாத படத்தை எவருக்கும் காட்ட மாட்டான், பிரஷாந்திக்கும்கூட. திருத்தி முடிந்ததும் பழையதை அழித்துவிடுவான். அவிக்காத மீனை ஆராவது கோப்பையில் போடுவார்களா என்று கேட்பான்.

தை பிறந்ததும் காத்தான்குடிக்குப் போனான். அங்கே அஹமட்டின் கடை பத்தடிக்குப் பத்தடி; அண்ணன் முறைக்கு அவரைக் காக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அந்தக் காலத்தில் கல்யாண வீடுகளில் படம் பிடித்துத் திரிந்த மனிதர்; முழங்கால் மடங்க மறுத்ததும் கடைக்குள் உட்கார்ந்துகொண்டார். பாவித்த கமெரா, லென்ஸ், விளக்கு எல்லாவற்றையும் துடைத்து, உண்மை பொய் சொல்லி விற்பவர் அல்ல, உண்மையை மட்டும் சொல்லி விற்பவர். அதனாலேயே கடையில் கூட்டம் குறைவு.

தானாகவே வெளிச்சத்தை அளந்து கொடுக்கும் பிளாஷ் வாங்க நிலோஜனுக்கு வசதியில்லை. அஹமட் அதைக் கேட்காமலே புரிந்துகொண்டார்.

“தம்பி, தன்னால அளக்கிற சாமான் ஒங்கட கையக் கடிக்கும். அத உடுங்க. மெனுவல் ஒண்டு எடுங்க. அளக்கிற வேலைய அது செய்யா, நீங்கதான் செய்யோணும். ஒங்களுக்குத் தூரம் தெரியும், வெளிச்சம் தெரியும். பொறகென்ன?”

மூன்றை எடுத்து ஒரு துவாயின் மேல் வைத்தார். முதலாவது சின்னது, தலை அசையாது, நேரே மட்டும் அடிக்கும், மூன்றிலும் மலிவு. இரண்டாவது நடுத்தரம், தலை மேலேயும் பக்கத்திலும் திரும்பும், பலத்தை முழுசு, அரை, கால், அரைக்கால், வீசம் என்று இறக்கிக்கொண்டே போகலாம். மூன்றாவது பழைய காலத்துப் பெரிய பிளாஷ். செங்கல் மாதிரிப் பாரம்.

நிலோஜனின் கை அந்தப் பெரியதற்குத்தான் போனது. அஹமட் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வெளிச்சம் அரைவாசி ஊருக்குக் காணும், ஆனால் உள்ளே பழைய காலத்து மின்சாரம் ஓடுகிறது, புதுக் கமெராவின் தலையில் ஏற்றினால் கமெரா அன்றைக்கே மையத்து என்றார். அப்படிச் செத்த கமெராக்கள் இரண்டு அவர் அலுமாரிக்குள்ளேயே கிடந்தன. அவற்றையும் எடுத்துக் காட்டினார்.

“சாமத்திய வீட்டுக்கு மெல்லிசான வெளிச்சம் வேணும் காக்கா,” என்றான் நிலோஜன். “பாலத்தடியில பொழுது படக்குள்ள சூரியனோட மல்லுக்கட்டோணும். அடையாள அட்டைக்கு நிழல் விழப்படா. மூண்டுக்கும் ஒண்டு வேணும்.”

“மூணு புள்ளைக்கும் ஒரே அளவுல சட்ட தைக்கச் சொல்றீங்க.” அஹமட் சிரித்தார். “பாலத்தடி வேலைக்கு நடுவான் காணும், ஆக்கள ஒரு அடி கிட்ட நிப்பாட்டுங்க. அடையாள அட்டைக்குச் சின்னவன் காணும். ரெண்டையும் ஊட்ட கொண்டு போங்க. ஒரு கெழம வெச்சுப் பாத்துட்டு, ஒங்களுக்குச் சரியானத எடுத்துக்கிட்டு மத்தத கொண்டாங்க.”

அப்படித்தான் இரண்டும் வீட்டுக்கு வந்தன.

மாசி முதல் கிழமை. மழை போகவும் மனமில்லாமல் பெய்யவும் மனமில்லாமல் நின்ற ஒரு பின்னேரம். சாரல் உள்ளே வராமல் யன்னல்களைச் சாத்தியிருந்தார்கள்; ஸ்ரூடியோ அறை இருண்டு கிடந்தது. குசினியில் பிரஷாந்தி திரளி மீனுக்குச் சொதி வைத்துக்கொண்டிருந்தாள். நிலோஜன் பெயின்ற் வாளி ஒன்றைக் கவிழ்த்து நீலச் சீலைக்கு முன்னால் வைத்து, மகளைத் தூக்கி அதில் இருத்தினான். கம்சாயினிக்கு அப்போது இரண்டு வயதும் நாலு மாதமும். வீட்டில் கம்சி. புது விளக்கு, புது லென்ஸ், புதுச் சீலை எது வந்தாலும் முதலில் அவள் மூஞ்சியில்தான் சோதனை. அவளுக்கும் அது விளையாட்டு. வாளியில் இருத்தினால் கையைக் கட்டிக்கொண்டு ஒரு சிரிப்பை எடுத்து வைப்பாள். படம் எடுத்ததும், காட்டுங்கப்பா என்பாள். நாளைக்கு என்பான் அவன்.

“கிளி, அப்பாட மூக்கப் பாரு.”

சின்ன பிளாஷால் நேரே பன்னிரண்டு படம் எடுத்தான். கொம்பியூட்டரில் போட்டுப் பெரிதாக்கினான். நாலு படத்தில் வலக்கண் வழக்கம்போலச் சிவந்திருந்தது. இடக்கண்ணில் சிவப்பு இல்லை. கருமணி இருக்க வேண்டிய இடத்தில் பால் விட்ட மாதிரி ஒரு வெள்ளை.

அவனுக்கு நெஞ்சு ஒரு தரம் திக்கென்றது. அது நிச்சயம். பின்னாளில் அவன் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்ததும் அந்த ஒரு நிமிடத்தைத்தான். படிக்காத ஒரு தகப்பனாக இருந்திருந்தால் அந்தத் திக்கோடு எழும்பிக் குசினிக்கு ஓடியிருப்பான். நிலோஜன் தொழில் தெரிந்தவன். சிவப்பாய் விழுந்த ஆயிரம் கண்ணைத் திருத்தியவன். மூக்குக் கண்ணாடியில் வெளிச்சம் பட்டு வெள்ளையாய்த் தெறித்ததைக் கண்டிருக்கிறான், ஈரமான கண்ணில் தெறித்ததையும் கண்டிருக்கிறான். இதுவும் அப்படி ஒன்று என்று அவன் படித்த படிப்பு முன்னால் வந்து நின்று சொன்னது. திக்கென்றது அடங்கிவிட்டது.

இருந்தாலும் அஹமட்டுக்குப் போன் எடுத்தான். சின்னவன் கண்ணை வெள்ளையாக்குகிறான் காக்கா என்றான். ஒரு கண்ணை மட்டுமா என்று அவர் கேட்டார். ஓம், இடது. புள்ள கொஞ்சம் பக்கமாப் பாத்திருக்கும் என்றார் அவர். நேர் வெளிச்சத்தில் எல்லாக் கோளாறும் வரும், நடுவானை மாட்டித் தலையை மேலே திருப்பி அடித்துப் பாருங்கள் என்றார். ஒரு பிளாஷைப் பற்றிக் கேட்டவனுக்கு ஒரு பிளாஷைப் பற்றிய சரியான பதில் அது.

அவர்கள் வீட்டுக்கு மேலே தகரம். தகரத்தில் அடித்த வெளிச்சம் திரும்பி வராது. நிலோஜன் பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பலகை இரண்டைக் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டான். நடுத்தர பிளாஷின் தலையை மேலே நிமிர்த்தி, பலத்தைக் கால்வாசியில் வைத்து அடித்தான். வெளிச்சம் மேலே போய், பரந்து, பஞ்சு மாதிரி இறங்கிப் பிள்ளையின் மேல் விழுந்தது. நெற்றியில் மினுக்கம் இல்லை. பின்னால் நிழல் இல்லை. இரண்டு கண்ணும் கறுப்பு. நடுவில் ஒவ்வொரு பொட்டு வெளிச்சம். இதுதான் என்று முடிவெடுத்தான். மூன்று வேலைக்கும் ஒன்று கிடைத்த சந்தோசத்தில் மகளைத் தூக்கி இரண்டு சுற்றுச் சுற்றினான். மூளை உள்ளவன் செய்யக்கூடிய தெரிவு அதுதான். அந்தப் பாழாய்ப்போன தெரிவு.

ஆனால் பிள்ளையின் சிரிப்பு சின்ன பிளாஷில் எடுத்த ஒரு படத்தில்தான் அச்சொட்டாய் விழுந்திருந்தது. அதை விட மனம் வரவில்லை. வலக்கண்ணின் சிவப்பைக் கறுப்பாக்கினான். அந்தக் கறுப்பை அப்படியே பிரதி எடுத்து இடக்கண்ணின் வெள்ளைக்கு மேல் வைத்தான். ஓரத்தை மெழுகினான். ஐந்து நிமிட வேலை. திருத்தாத நாலு படத்தையும் வழக்கம்போல அழித்துவிட்டுத்தான் பிரஷாந்தியைக் கூப்பிட்டான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். “என்ட கிளிட கண்ணப் பாருங்க மச்சான்,” என்றாள். “கண்ணூறு படப்போகுது.”

அந்தப் படத்தைப் பெரிதாக அடித்து, கண்ணாடி போட்டு, ஸ்ரூடியோச் சுவரில் கொழுவினான். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து, எங்கட பிள்ளையையும் இப்படி எடுத்துத் தாருங்கள் என்றார்கள்.

நடுத்தர பிளாஷ் அவனை ஏமாற்றவில்லை. மூன்று எட்டுத் தூரத்துக்குக் கால் பலம், ஐந்து எட்டுக்கு அரை என்று கையும் காலும் தாமாகப் பழகிக்கொண்டன. பங்குனியில் இரண்டு சாமத்திய வீடு. ஒன்றில் கரடியனாற்றிலிருந்து வந்த ஒரு குடும்பம் படங்களைப் பார்த்துவிட்டு அங்கேயே அடுத்த கல்யாணத்துக்குச் சொல்லிவிட்டுப் போனது. பிரஷாந்தி வாவி இறால் வாங்கிக் குழம்பு வைத்தாள். அந்த நாட்களில் அவர்கள் சந்தோசமாக இருந்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பக்கத்து வீட்டில் இமெல்டா. பாலர் பாடசாலையில் படிப்பிப்பவள். நாற்பது வயதுக்காரி, தனியாள், ஊருக்கெல்லாம் ரீச்சர். உயிர்த்த ஞாயிறன்று கம்சியைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கேக் தீத்தி, போனில் படம் எடுத்திருந்தாள். பின்னேரம் வேலி ஓரமாக வந்து நிலோஜனைக் கூப்பிட்டாள்.

“தம்பி, ஒண்டு சொன்னாக் கோவிக்கப்படா. நான் இடப்பக்கமா வந்தா புள்ள என்னக் காணுறாளில்ல. வலப்பக்கமா வந்தா ஓடி வாறாள். இந்தப் படத்தையும் பாருங்க. கண் பூனக்கண் மாதிரி விழுந்திரிக்கி.”

போனில் இடக்கண் வெள்ளையாய் இருந்தது. மாசியில் கண்டதைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை.

நிலோஜன் அவளுக்குப் பாடம் எடுத்தான். வேறு சொல் இல்லை. போனில் பிளாஷ் லென்சுக்கு ஒட்டினாற்போல இருக்கிறது, அதனால் வெளிச்சம் நேரே போய் நேரே திரும்புகிறது, அதனால்தான் இந்தக் கோளாறு, தன் சின்ன பிளாஷும் இதைத்தான் செய்தது, தலை திரும்பும் பிளாஷில் வராது. சொன்னதில் ஒரு சொல் பிழையில்லை. உள்ளே வெளிச்சத்தை வெள்ளையாய்த் திருப்பி அனுப்புவது எது என்று மட்டும் அவன் கேட்டுப் பார்க்கவில்லை. இமெல்டா தலையாட்டினாள். நீங்கள் படம் பிடிக்கிற ஆள், உங்களுக்குத் தெரியாததா என்றாள். அவன் அந்தப் படத்தை வாங்கி, கண்ணைத் திருத்தி, அவள் போனுக்கே திருப்பி அனுப்பிவைத்தான். அவள் நன்றி சொல்லி ஒரு பூப்படமும் அனுப்பியிருந்தாள்.

வைகாசியில் இடக்கண் கொஞ்சம் உள்பக்கமாக ஒதுங்கிப் பார்க்கத் தொடங்கியது. வாக்குக்கண் அதிட்டம் என்று பிரஷாந்தியின் பக்கத்து ஆட்கள் சொன்னார்கள். அவளுக்கும் அதைக் கேட்க இனித்தது. கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்குப் போனபோது சனம் பிள்ளையைக் கொஞ்சியதெல்லாம் அந்தக் கண்ணுக்காகத்தான்.

ஆடி பிறந்ததும் கச்சான் காற்று எழும்பியது. மேற்கிலிருந்து வயல் புழுதியையும் அனலையும் அள்ளிக்கொண்டு வருகிற காற்று. இரண்டு மாதத்துக்கு ஊரில் பாதிப் பேருக்குக் கண் சிவக்கும். கம்சியின் இடக்கண்ணும் சிவந்தது. கச்சான்தான் என்று சொட்டு மருந்து விட்டார்கள். பத்து நாளில் மற்றவர்களுக்கெல்லாம் மாறிவிட்டது, அவளுக்கு மாறவில்லை. பிரஷாந்தி வெள்ளியில் ஒரு கண் செய்வித்து அம்மனுக்குக் கொண்டுபோய் வைத்தாள். ஆவணியில் பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கியது. ஒரு நாள் விடிய எழும்பும்போது இமை வீங்கி, கண் முன்னால் தள்ளியிருந்தது. ஓட்டோ பிடித்துப் பெரியாசுபத்திரிக்கு ஓடினார்கள்.

கண் டொக்டர் ஒரு பெண். அறை விளக்கை அணைத்து, பிள்ளையின் கண்ணுக்குள் ஒரு சின்ன வெளிச்சத்தை விட்டுப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு விளக்கைப் போட்டுவிட்டுக் கதிரையை இழுத்து அவர்களுக்கு முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கதைத்தால் அது நல்ல விசளம் இல்லை என்பது இருவருக்கும் விளங்கியது.

“பிள்ளையின் படங்களில எப்பவாவது கண் வெள்ளையா விழுந்திருக்கா?” என்று கேட்டாள். “பிளாஷ் போட்டு எடுத்த படங்களில?”

நிலோஜன் வாயைத் திறக்குமுன் பிரஷாந்தி சொல்லிவிட்டாள்.

“இல்ல டொக்டர். இவர்தான் புள்ளைக்கு எத்தினையோ படம் எடுத்திருக்கார். இவருக்கு அதுதான் தொழில். ஒண்டிலயும் அப்பிடி விழல்ல.” போனைத் திறந்து சுவரில் தொங்கும் படத்தைக் காட்டினாள். “பாருங்க, மாசியில எடுத்த. ரெண்டு கண்ணும் என்ன வடிவா இரிக்கி.”

டொக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நல்ல படம் என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அப்படியென்றால் மாசிக்குப் பிறகு வந்து வேகமாக வளர்ந்திருக்க வேண்டும் என்று ஏட்டில் எழுதினாள். நிலோஜன் அந்தப் பேனை எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பொய் எழுதுகிறாள், நிறுத்து என்று உள்ளே ஒருவன் கத்தினான். 

கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே பிள்ளையை ஒரு குழாய்க்குள் படுக்கவைத்துத் தலைக்குள் படம் எடுத்தார்கள். கண்ணுக்குள் கட்டி. கண்ணோடு நின்றிருந்தால் கண்ணை எடுத்துவிட்டுப் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கலாம். அது நரம்பு வழியே பின்னால் போய்விட்டது. கண்ணை எடுப்போம், மருந்து ஏற்றுவோம், எங்களால் ஏலுமானதெல்லாம் செய்வோம் என்றார் அங்குள்ள பெரிய டொக்டர்.  தேவையான துணிமணிகளோடு ஐந்து நாளில் திரும்பி வரும்படி அனுப்பிவைத்தார்கள்.

வெளிக்கிடுமுன் நிலோஜன் நடைபாதையில் அவரை மறித்துத் தனியே கேட்டான். மாசியில் கொண்டுவந்திருந்தால்?

“அப்ப கண்ணுக்குள்ள மட்டும்தான் இருந்திருக்கும்,” என்றார் அவர். “ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வழியில்லையே.”

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு எட்டு மணித்தியாலம் பஸ். பிரஷாந்தி கம்சியை மடியில் போட்டுக்கொண்டு, தன்னைத்தானே தின்றபடி வந்தாள். தான்தான் பிள்ளையைக் கவனிக்கவில்லை என்றாள். வாக்குக்கண் என்று சொன்னவர்களின் பேச்சைக் கேட்டுச் சிரித்தேனே என்றாள். சொட்டு மருந்து விட்ட பத்து நாளையும் விரல் விட்டு எண்ணினாள். டொக்டரிடம் படத்தைக் காட்டினேனே, மாசியில் பிள்ளை நல்லாத்தானே இருந்தாள், அதற்குப் பிறகுதான் நான் ஏதோ பிழை விட்டிருக்கிறேன் என்றாள். நிலோஜன் யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தான். செய்யாத குற்றத்தை அவள் எட்டு மணித்தியாலம் சுமந்தாள். செய்தவன் பக்கத்திலேயே இருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் கொம்பியூட்டரைக் கிண்டினான். மாசி மாதத்துப் படங்கள் இருந்தன. எல்லாக் கண்ணும் கறுப்பு. அழித்த நாலையும் மீட்கப் பார்த்தான், முடியவில்லை. தன் வேலையைத் திருத்தமாகச் செய்திருந்தான்.

திரும்பிப் போகும் நாள் காலை. பத்து மணிக்கு ஓட்டோ வரும் என்று சொல்லியிருந்தார்கள். கொழும்பில் கொடுத்த மருந்தில் பிள்ளையின் வீக்கம் கொஞ்சம் வற்றியிருந்தது. கண் ஓரளவு திறந்தது. பிரஷாந்தி அவளைக் குளிக்க வார்த்து, மஞ்சள் சட்டை போட்டு, பொட்டு வைத்து, ஸ்ரூடியோ அறைக்குள் கூட்டிக்கொண்டு வந்தாள். இமெல்டா வழிப்பயணத்துக்கு என்று பிட்டும் பொரிச்ச மீனும் கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அந்த வாசம் வீடு முழுக்க நின்றது.

“மச்சான், ரெண்டு கண்ணோடயும் ஒரு படம் எடுங்க,” என்றாள் பிரஷாந்தி. “நாளைக்குப் பொறகு ஏலாதே.”

நிலோஜன் யன்னல்களைச் சாத்தினான். வாளியைக் கவிழ்த்தான். கம்சி ஏறி இருந்து கையைக் கட்டிக்கொண்டாள். அவனுடைய கை பழக்கத்தில் பிளாஷின் தலையை மேலே நிமிர்த்தி, பலத்தைக் கால்வாசிக்கு இறக்கியது. ஒரு படம் எடுத்தான். நல்ல படம். கொஞ்சம் சிவந்திருந்தாலும் இரண்டு கண்ணும் கறுப்பாய்த்தான் விழுந்திருந்தன. அதோடு நிறுத்தியிருக்கலாம். அதை அடித்துக் கொடுத்திருந்தால் பிரஷாந்தி காலம் முழுக்க அதை வைத்திருப்பாள். தன் தலையிலேயே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு அழுதிருப்பாள்.

அவன் பிளாஷின் தலையைப் பிடித்துக் கீழே இறக்கினான். நேரே.

“நேர அடிச்சாக் கண் கூசுமே,” என்றாள் அவள்.

“ஒண்டுதான்.” கமெராவைத் தூக்கினான். “கிளி, அப்பாட மூக்கப் பாரு.”

பிள்ளை சிரித்தாள். வெளிச்சம் அடித்தது.

அவன் கமெராவின் திரையைப் பார்க்கவில்லை. பார்க்காமலே பிரஷாந்தியின் கையில் கொடுத்தான். கல்யாணம் முடித்த ஆறு வருடத்தில் திருத்தாத ஒரு படத்தை அவளுக்குக் காட்டியது அதுதான் முதல் தரம்.

அவள் பார்த்தாள். வலது கருமணி சிவப்பு. இடது முழுக்க வெள்ளை.

“மாசியிலயும் இப்பிடித்தான் விழுந்த,” என்றான் நிலோஜன். “நாலு படத்தில. நான் பிளாஷ்ட கோளாறெண்டு நினைச்சன். சின்னவன வேணாமெண்டு குடுத்துட்டு இத எடுத்தன். இதில தெரியா. அந்த நாலையும் அழிச்சிட்டன். செவத்தில தொங்குற படத்தில இடக்கண் அவள்ட கண் இல்ல புள்ள. நான் வெச்ச கண். ரீச்சர்ட போனிலயும் விழுந்த. அதையும் நான்தான் திருத்தின.”

அவள் ஏசுவாள் என்று நின்றான். ஏசினால் நல்லது என்றிருந்தது அவனுக்கு. அடித்தாலும் நல்லது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஏன் எனக்குக் காட்டல்ல?”

“திருத்தாத படத்த நான் ஆருக்கும்…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

“எனக்கு உங்கட வேல தெரியா மச்சான்,” என்றாள் பிரஷாந்தி. குரல் உயரவில்லை. “தெரியாதபடியா நான் கேட்டிருப்பன். புள்ளட கண் ஏன் வெள்ளையா இரிக்கெண்டு ரீச்சரிட்டக் கேட்டிருப்பன், பஸ்சில பக்கத்தில இரிக்கிற ஆளிட்டக் கேட்டிருப்பன், டொக்டரிட்டக் கொண்டுபோய்க் கேட்டிருப்பன். கேக்கிறதுக்கு எனக்கு ஒரு படம் தந்திருக்கலாம்.”

கம்சி வாளியை விட்டு இறங்கித் தாயின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். காட்டுங்க, காட்டுங்க என்றாள். நாளைக்கு என்று சொல்ல நிலோஜனுக்கு வாய் வரவில்லை. பிரஷாந்தி குனிந்து, திரையைப் பிள்ளையின் வலப்பக்கமாகக் கொண்டுபோய்க் காட்டினாள். பிள்ளை தன் முகத்தைக் கண்டு சந்தோசப்பட்டாள். அந்த வெள்ளையின் மேல் விரலை வைத்து, லைற் என்றாள்.

ஓட்டோ வந்து ஒழுங்கை முனையில் ஹோர்ன் அடித்தது. பிரஷாந்தி கமெராவை மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். பிட்டுப் பொதியையும் உடுப்புப் பையையும் அவன் எடுத்தான். வாசலில் அவள் நின்றாள். திரும்பாமலே சொன்னாள்.

“அந்தப் படத்தக் கழட்டி வெச்சிட்டு வாங்க. நாங்க திரும்பி வரக்குள்ள அது செவத்தில இரிக்கப்படா. இப்ப எடுத்ததத்தான் அடிச்சுக் கொழுவோணும்.”

“ஓம்.”

“இதத் திருத்தாதங்க.”

அவன் பைகளைக் கீழே வைத்துவிட்டுச் சுவரிலிருந்து படத்தைக் கழற்றினான். வைப்பதற்கு இடம் தெரியாமல் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தான். ஓட்டோக்காரன் இன்னொரு தரம் அடித்தான். கவிழ்த்திருந்த வாளியின் மேல் படத்தை வைத்துவிட்டு, பைகளைத் தூக்கிக்கொண்டு, கதவைப் பூட்டி, ஒழுங்கையில் அவர்களுக்குப் பின்னால் நடந்தான். அவள் பிள்ளையைத் தன் வலத்தோளில் போட்டிருந்தாள். பிள்ளை அவளுடைய தோளுக்கு மேலால் அவனையே பார்த்துக்கொண்டு போனாள்.